பழைய வில்லையும் புதிய கமெராவும்

ஒளிப்படம் எடுப்பதற்கு இரண்டு பொருள்கள் இன்றியமையாதன. ஒன்று, ஒளியைத் திரட்டிக் கொடுக்கும் வில்லை. மற்றொன்று, அவ்வொளியை ஏற்றுப் பதிந்துகொள்ளும் கமெரா. இவ்விரண்டனுள் எதற்குப் பொருள் செலவிடுவது, எப்பொழுது செலவிடுவது, பிறர் கையிலிருந்து வரும் பழைய பொருளை நம்பலாமா என்னும் வினாக்கள் எளியனபோலத் தோன்றும். ஆயினும் அவற்றுக்கு விடை தேடாமலே கடன்பட்டோர் நம்மிடையே பலர் உளர். மழையும் மூடுபனியும் மாறிமாறி ஆளும் மலையகத்தில் இக்கலையைப் பயில விரும்புவோர்க்குப் பயன்படும் வண்ணம் இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என்னை இவ்வாராய்ச்சியில் இறக்கியவர் பழைய மாணவர் ஒருவர். ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்தவர். தம் தோட்டத்திலே ஓய்வுபெற்று வாழும் முதியோரை அவரவர் லயத்திலேயே வைத்துப் படமெடுத்துத் தொகுக்க வேண்டுமென்பது அவருடைய அவா. கையிலிருந்ததோ பத்தாண்டு பழைமையான கமெராவும், அதனுடன் கூட வந்த 18–55 மி.மீ. வில்லையும். எடுத்த படங்கள் யாவும் மங்கிக் கலங்கிப்போயின. "ஐயா, புதுக் கமெரா வாங்கக் கடன் எடுக்கப் போகிறேன், நீங்கள் பிணைக் கையொப்பம் இட வேண்டும்" என்று கேட்டு வந்தார். கையொப்பம் இருக்கட்டும், முதலிற் படங்களைக் காட்டு என்றேன்.

இச்செலவு சிறியதன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் அது 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. வெளிநாட்டிலிருந்து வரும் கமெராவின் விலையும் அதனோடு ஏறியது. அதற்கு முந்திய 2021ஆம் ஆண்டிலேதான், நெடும் போராட்டத்தின் பின், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு, ஒரு கமெரா எத்தனை நாட் கொழுந்துக்குச் சமம் என்பது விளங்கும். ஆதலின், குறை எதுவென அறியுமுன் பணத்தை இறைப்பது அறிவுடைமையாகாது.

படம் கெடுவதற்குரிய காரணங்களைப் பிரித்தறிதல் வேண்டும். குவியம் தவறியிருப்பின், முகம் மங்கிப் பின்னாலுள்ள சுவர் தெளிவாகத் தெரியும். கை அசைந்திருப்பின், படம் முழுவதும் ஒரு திசையிலே இழுபட்டாற்போல் இருக்கும். எடுக்கப்பட்டவர் அசைந்திருப்பின், சுவர் தெளிந்து அவருடைய கையும் முகமும் மட்டும் கலங்கும். ஒளி போதாமையால் கமெராவின் உணர்திறனை மிகக் கூட்டியிருப்பின், படம் எங்கும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தோன்றும். எம் மாணவரின் படங்களிற் பெரும்பாலானவற்றில் அசைவும் புள்ளியும் சேர்ந்திருந்தன. அஃதாவது, அவருடைய குறை கமெராவின் முதுமையன்று, ஒளியின் வறுமை. லயத்து அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. வெளிச்சம் வரும் வழி ஒரு கதவும் ஒரு சிறு சன்னலுமே. வெளியில் மூடுபனி இறங்கியிருந்தால் நண்பகலும் அந்தி போலாகும்.

இனி, வில்லையின் துவாரத்தைப் பற்றிய கணக்கினை நோக்குவோம். வில்லையின் மேற் பொறிக்கப்பட்டிருக்கும் எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்; புகும் ஒளியோ அவ்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் கூடும். கமெராவுடன் வந்த வில்லை 55 மி.மீ. நிலையில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. தனிக்குவிய வில்லையொன்று எஃப் 1.8 வரை திறக்கும். 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கித்தால் ஏறக்குறைய 10 வரும். ஆகவே, முன்னையதிற் பத்திலொரு செக்கன் திறந்து வைக்க வேண்டிய இடத்தில், பின்னையதில் நூற்றிலொரு செக்கன் போதும். பத்திலொரு செக்கனில் முதியவரின் கை அசையும். நூற்றிலொரு செக்கனில் அது நின்றுவிடும். அசைவைத் தடுக்கும் நுட்பம் பல வில்லைகளில் உண்டெனினும், அது நமது கையின் நடுக்கத்தையே ஈடுசெய்யும். எதிரே இருப்பவரின் அசைவை நிறுத்தமாட்டாது.

இதற்கு மாறாக, கமெராவை மட்டும் மாற்றினால் வரும் பயன் யாது? சிறிய உணரியுடைய கமெராவை விட்டு, முழு அளவு எனப்படும் பெரிய உணரிக்குச் சென்றால், ஒளியேற்கும் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகும். பயன் உண்டு, ஆனால் விலை பலமடங்கு. பழைய வில்லை பத்து மடங்கு ஒளியைத் தர, புதிய கமெரா இரண்டேகால் மடங்கு தருகின்றது. மெகாபிக்செல் எண்ணிக்கையும் அவ்வாறே பலரை மயக்குவது. ஏ4 தாளொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் தெளிவாக அச்சிட 9 மெகாபிக்செல்லுக்கும் குறைவே வேண்டும். இம்மலரின் ஒரு பக்கத்துக்குப் பதினைந்தாண்டுக்கு முந்திய கமெராவும் போதுமானதே.

வில்லையே முதன்மையானது என்பதற்கு நம் மலைநாட்டோடு தொடர்புடைய சான்று ஒன்றுண்டு. கல்கத்தாவில் 1815இற் பிறந்த யூலியா மார்கரற் கமரன் அம்மையார், 1863இல், தமது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசாக அளித்த கமெராவுடன் இக்கலையைத் தொடங்கியவர். அவருடைய முதல் வில்லை பிரான்சிற் செய்யப்பட்ட யாமின் வில்லை. வியன்னாவிலே பெற்ஸ்வல் என்னும் கணித அறிஞர் 1840இல் வகுத்த அமைப்பைத் தழுவியது அது. அவ்வம்மையார் கையில் எடுத்தபொழுதே அவ்வமைப்புக்கு வயது இருபதைக் கடந்திருந்தது. நடுவிலே தெளிவும் ஓரங்களிலே மங்கலும் உடைய அவ்வில்லையின் குறையையே அவர் தம் உருவப்படங்களின் இயல்பாக்கிக் கொண்டார். பெரிய தகட்டில் எடுக்க வேண்டும் என்னும் தேவை தெளிவான பின்னரே, 1866இல், 15க்கு 12 அங்குலத் தகட்டுக்குரிய கமெராவையும் 30 அங்குலக் குவியத் தூரமுள்ள டால்மேயர் வில்லையையும் வாங்கினார். தேவை முன்னும் கருவி பின்னுமாக அமைந்த முறை இது. 1875இற் கணவருடன் இலங்கைக்கு வந்து, களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, 1879 தை மாதத்தில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்திற் காலமானார். பொகவந்தலாவை சென். மேரி தேவாலயத்து முற்றத்தில் அவருடைய கல்லறையை இன்றும் காணலாம்.

எனினும், கமெராவை மாற்றவே கூடாதென்பது என் கருத்தன்று. ஓடிவிளையாடும் போட்டிகளைத் தொடர்ந்து எடுப்போர்க்கும், சலனப்படம் எடுப்போர்க்கும், உள்ள கமெராவின் சட்டர் தேய்ந்துவிட்டோர்க்கும், தமது மவுண்டுக்கு மலிந்த வில்லை கிடையாதோர்க்கும் மாற்றம் வேண்டியதே. உள்ளதைக் கொண்டு ஓராண்டு முயன்று, எந்த ஒரு படத்தை எதனால் எடுக்க முடியவில்லை எனச் சொல்லக் கூடியவர் மாற்றலாம். சொல்ல இயலாதவர் பொறுத்திருக்கலாம்.

இனிப் பழைய வில்லையைத் தேர்தல். வில்லை கமெராவிற் பொருந்தும் வாயே மவுண்ட் எனப்படும். அந்த வாயிலிருந்து உணரிவரை உள்ள தூரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். நிக்கோன் எஃப் மவுண்டுக்கு அது 46.5 மி.மீ.; எம்42 என்னும் திருகு மவுண்டுக்கு 45.46 மி.மீ.; கனோன் ஈஎஃப் மவுண்டுக்கு 44 மி.மீ.; பழைய கனோன் எஃப்டி மவுண்டுக்கு 42 மி.மீ. வில்லைக்குரிய தூரம் கமெராவினதைவிடக் கூடுதலாக இருந்தால், இடையிலே ஒரு வளையத்தை வைத்துப் பொருத்தலாம். குறைவாக இருந்தால், தொலைவிலுள்ள மலையிற் குவியம் விழாது. ஆகவே, எம்42 வில்லைகளைக் கனோன் ஈஎஃப் கமெராவில் வெறும் வளையத்தோடு பயன்படுத்தலாம். நிக்கோனில் அவ்வாறு இயலாது. கண்ணாடியில்லாக் கமெராக்களுக்கு இத்தூரம் 20 மி.மீ. அளவிலேயே இருப்பதால், பழைய வில்லைகள் ஏறக்குறைய எல்லாமே அவற்றிற்குப் பொருந்தும்.

கனோன் உடையோர்க்கு வழி எளிது. 1987 முதல் வந்த ஈஎஃப் வில்லைகள் அந்நிறுவனத்தின் ஈஓஎஸ் டிஜிட்டல் கமெராக்களில் தானாகவே குவியம் கொள்ளும். 1990இல் வெளிவந்த 50 மி.மீ. எஃப் 1.8 இரண்டாம் வகை பிளாஸ்டிக் உடலுடையது, மெல்லியது, மலிந்தது, ஆயினும் படம் சிறந்தது. நிக்கோனின் எஃப் மவுண்ட் 1959இல் தோன்றியதாயினும் அதிற் சில நுணுக்கங்களுண்டு. 1977க்கு முற்பட்ட வில்லைகளைச் சில உடல்களிற் பொருத்தினாற் பழுது நேரும். ஏஎஃப்-டி வகை வில்லைகள் குவியம் கொள்ளக் கமெராவுக்குள்ளே மோட்டார் வேண்டும். டி7000 வரிசையில் அஃதுண்டு. டி3000, டி5000 வரிசைகளில் இல்லை. இல்லாதோர் குவியத்தைக் கையாலே திருப்ப வேண்டும். எம்42 வகையில் யப்பானிய தகுமார், சோவியத் நாட்டின் ஹெலியோஸ் 44-2 என்பன புகழ்பெற்றவை. ஹெலியோஸ், செருமனியின் சைஸ் பயோற்றார் அமைப்பின் வழிவந்தது. இவற்றில் எல்லாம் கையாலேயே, பொறுமையுள்ளவர்க்கே உரியவை.

குவியத் தூரத்தைத் தெரிவதில் அறையின் அளவும் கணக்கில் வரும். சிறிய உணரியிலே 50 மி.மீ. வில்லை 75 மி.மீ. போலப் பார்க்கும். பத்தடி அறையில் ஒருவரது முகமும் தோளும் எடுக்க அது தகும்; குடும்பம் முழுவதையும் எடுக்க 35 மி.மீ. அல்லது உள்ள வில்லையே தகும். மேலும், ஒன்றரை மீற்றர் தூரத்தில் எஃப் 1.8இல் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய இரண்டரை அங்குலமே. கண்ணிற் குவியம் விழுந்தால் காது மங்கும். எஃப் 2.8 வரை மூடினால், ஆழம் நாலங்குலமாகும். அப்பொழுதும் பழைய வில்லையைவிட நான்கு மடங்கு ஒளி எஞ்சும்.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனையைச் செய்யாது நானே ஒருமுறை ஏமாந்தேன். கொழும்பிலே ஒரு கடையிற் பளபளப்பான பழைய வில்லையொன்றை வாங்கி வந்து, வீட்டிலே டோர்ச் லைற்றைப் பிடித்துப் பார்க்கையில், உள்ளே சிலந்தி வலைபோற் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஆகவே, வில்லையின் பின்புறத்திலிருந்து ஒளியைச் செலுத்தி, முன்புறம் வழியே சரிவாகப் பார்த்தல் வேண்டும். சிறு தூசு தீதன்று. முன்கண்ணாடியில் ஒரு கீறலும் பெருந்தீதன்று. நூல்போற் படரும் பூஞ்சணமும், பால்போற் படியும் மங்கலும் தீது. துவார இதழ்களில் எண்ணெய் படிந்துள்ளதா, குவிய வளையம் தடையின்றிச் சுழல்கின்றதா என்பனவும் நோக்கற்பாலன. தொடக்கநிலைப் பூஞ்சணத்தைக் கைதேர்ந்தவர் துடைத்தெடுக்கலாம்; மேற்பூச்சை அது அரித்துவிட்டால் மீளாது.

இப்பூஞ்சணமே மலையகத்திற் கமெராவுக்கு முதற்பகை. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும், தென்மேற்குப் பருவமழை நேரே மோதும் ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளிலும் காற்றின் ஈரப்பதன் மாதக்கணக்கில் மிகுந்தே இருக்கும். தோலுறையில் இட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டுவதே பலர் செய்யும் பிழை. தோல் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணத்துக்கு உணவாகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, ஈரமானி ஒன்றையும் உள்ளே இட்டு, 40 முதல் 50 வீதத்துக்குள் ஈரப்பதனை நிறுத்துதல் நன்று. சிலிக்கா ஜெல் ஈரம் கொண்டதும் அதனைச் சூடாக்கி உலர்த்தி மீளப் பயன்படுத்தலாம். பூஞ்சணம் கண்ட வில்லையை மற்றவற்றோடு சேர்த்து வைத்தலாகாது. ஹற்றனிலிருந்து இரவு பஸ்ஸிற் கொழும்புக்கு இறங்குவோர், பையை உடனே திறவாது, கமெரா வெப்பம் ஏறும்வரை மூடியே வைத்திருத்தல் வேண்டும். இன்றேல் குளிர்ந்த கண்ணாடியில் நீர் படியும். இச்சிறு பெட்டிக்குச் செலவிட மனமில்லாதவர் பழைய வில்லை வாங்காதிருப்பதே நலம்.

எம் மாணவர் கடன் எடுக்கவில்லை. கையொப்பம் இடும் கடமையிலிருந்து நானும் தப்பினேன். பிறர் பயன்படுத்திய 50 மி.மீ. எஃப் 1.8 வில்லையொன்றை டோர்ச் பிடித்துப் பார்த்து வாங்கினோம். முதியவரைக் கதவோரத்தில் அமர்த்தி, முகத்தை வெளிச்சத்தின் பக்கம் சிறிது திருப்பச் சொல்லும் பழக்கத்தையும் அவர் கற்றுக்கொண்டார். இப்பழக்கம் பணமின்றிக் கிடைக்கும் வில்லையெனலாம்.

இம்முயற்சியின் பெறுமதியை இறுதியாக நினைவூட்டுதல் தகும். கமரன் அம்மையார் இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. அவற்றுட் காணப்படும் ஏழைத் தொழிலாளர் பலருடைய பெயர் பதியப்படவில்லை. முகம் எஞ்சியது, பெயர் போயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாற் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப்பட்ட மக்களின் வீடுகளில், பிரிந்துபோனவரின் முகத்துக்குச் சான்றாகக் கடவுச்சீட்டுக்கு எடுத்த சிறு படமொன்றன்றி வேறில்லாமை பலரும் அறிந்ததே. அக்காலத்தை நேரிற் கண்டோர் இன்று எண்பதை அண்டியவர். மாதத் தவணை கட்டி முடித்த பின்னர் படமெடுக்கலாமென்று எண்ணினால், அவர்கள் காத்திருப்பார்களா? எம் மாணவர் அண்மையிற் கொண்டுவந்த படத்தில், நாற்பதாண்டு கொழுந்து பறித்த மூதாட்டி ஒருவர் கதவோரத்து வெளிச்சத்தில் அமர்ந்திருக்கிறார். விரல்களிலே தேயிலைக் கறையும் தெரிகின்றது. பின்புறத்தில் அவருடைய முழுப்பெயர், தந்தை பெயர், தோட்டம், டிவிசன், படமெடுத்த நாள் யாவும் எழுதப்பட்டுள்ளன. மாணவர்களே, வில்லை பழையதாயினும் ஆகுக. பெயர் எழுத மட்டும் மறவாதீர்கள்.