பல் வைத்தியர் வரும்வரை காத்திருப்பதா?

“பல்லு நோவுக்கெல்லாம் யாரு சாமி பேரை விட்டுட்டுப் போறது?” கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் பற் சுகாதாரம் பற்றிப் பேச்செடுக்கும் போதெல்லாம் எமக்குக் கிடைக்கும் பதில் இது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். போய்ச் சேர்ந்தாலும், “விண்ணு விண்ணுன்னு தெறிக்குது” என்பதை வைத்தியருக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? ஆகவே கராம்பு எண்ணெயை வைத்துக்கொண்டு நாளைக் கடத்துகிறார்கள்.

இத்தனைக்கும், பல் வைத்தியர்களை உருவாக்கும் பேராதனை கண்டி நகரிலிருந்து சில மைல் தூரத்திலேயே இருக்கிறது. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை மலைகளும் அதற்கு வெகுதூரமல்ல. தூரம் மட்டுமே தடை என்றால் இம்மக்கள் நல்ல பற்களோடு இருந்திருக்க வேண்டும்.

பேராதனை தந்தது

இலங்கையில் பல் வைத்தியக் கல்வி 1943இல் கொழும்பில் ஆரம்பமானது. 1950களில் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்து, பல பத்தாண்டுகளாக நாட்டின் ஒரே பல் வைத்தியக் கல்வி நிலையமாக விளங்கியது. 1990களில் ஜப்பானிய அரசின் உதவியோடு புதிய கட்டடங்களும் போதனா வைத்தியசாலையும் எழுந்தன. வெளிநாடு செல்லாமல் சொந்த மண்ணிலேயே பல் வைத்தியர்களைப் பயிற்றுவிக்க முடிந்தது பெரும் சாதனையே.

ஆனால் பட்டம் பெற்ற வைத்தியருக்கு நாற்காலியும் மின்சாரமும் கருவிகளும் உதவியாளரும் வேண்டும். இவையெல்லாம் நகரத்தில் ஒருங்கே கிடைக்கும். லயத்தின் அருகில் கிடைக்கா. எனவே ‘எத்தனை வைத்தியர்கள்?’ என்பதோடு, ‘வைத்தியருக்கும் மக்களுக்கும் இடையில் யார்?’ என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இடையில் நிற்பவர்கள்

நியூசிலாந்து இக்கேள்விக்கு 1921இலேயே ஒரு விடை கண்டது. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பராமரிக்க இளம் பெண்களுக்கு அங்கு தனிப்பயிற்சி அளிக்கப்பட்டது. அம்முறையைப் பின்பற்றி இலங்கையும் மகரகமையில் பயிற்சி நிலையம் அமைத்தது. அங்கு பயின்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் சொத்தைப் பல்லை அடைத்தல், பாற்பல்லைக் கழற்றுதல் போன்றவற்றைத் தாமே செய்கிறார்கள். கடினமான நோயாளிகளைப் பல் வைத்தியரிடம் அனுப்புகிறார்கள்.

1980களின் நடுப்பகுதியில் தன்சானியாவில் இன்னொரு வழி பிறந்தது. மின்சாரமோ துளையிடும் இயந்திரமோ இன்றி, கைக்கருவியால் சொத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் சீமெந்தால் அடைக்கும் முறை அது. இம்முறைக்குத் தோட்டப் பாடசாலையின் ஒரு மேசையே போதும். ஆனால் அதைச் செய்பவர் முறையாகப் பயின்றவராக இருத்தல் அவசியம்.

மத்திய மாகாணம் கற்பித்த பாடம்

பல் சொத்தையைவிடப் பாரதூரமானது வாய்ப் புற்றுநோய். குளிரிலும் மழையிலும் மலையேறும் எம்மக்களுக்கு வெற்றிலையே துணை. பசியை அடக்குவதும் அதுவே. புகையிலை சேர்த்தால்தான் கெடுதல் என்று பலர் எண்ணுகிறார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமோ, புகையிலை இல்லாவிடினும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என 2004இல் அறிவித்தது.

இந்நோயை நேரத்தோடு கண்டுபிடிக்க மத்திய மாகாணத்தில் நடந்த ஒரு முயற்சியின் முடிவுகள் 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியாயின. 34 ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கு வாயைச் சோதிக்கப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஓராண்டுக்குள் அவர்கள் 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைப் பார்த்தார்கள். அவர்களுள் 1,200 பேரளவில் மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார்கள். ஊழியர்களின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பல் வைத்தியர் அல்லாத ஒருவரும் ஆபத்தை இனங்காணலாம் என்பது நிரூபணமாயிற்று.

ஆனால், அனுப்பப்பட்டவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேரே போனார்கள். மற்றப் பாதி வீட்டிலேயே இருந்துவிட்டது. நாம் சிந்திக்க வேண்டியது இங்கேதான். பயிற்சி நோயைக் கண்டுபிடித்தது. ஆனால் நோயாளியைக் கைபிடித்து அழைத்துச் செல்லவில்லை. பேரும் பஸ் காசும் பயமும் மொழியும் முன்போலவே வழிமறித்து நின்றன.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் ஓரிருவர் வாயைப் பார்க்கப் பழக வேண்டும். பிள்ளை மடுவத்தில் பணிபுரிபவரோ, மாதர் சங்க உறுப்பினரோ, இளைஞரோ இதற்குப் பொருத்தமானவர்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவந்த தழும்பு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பது குறைந்துகொண்டே வருதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். இவர்கள் பார்ப்பதோடும் அனுப்புவதோடும் நிற்க வேண்டும். பல் பிடுங்கவோ மருந்து கொடுக்கவோ முனையலாகாது. அரைகுறை வைத்தியம் நோயைவிடக் கொடியது.

இரண்டாவது, அனுப்புவதோடு பொறுப்பு முடிவதில்லை. பெயரைக் குறித்துக்கொண்டு, கூடச் சென்று, திரும்பி வந்தபின் விசாரிக்க வேண்டும். நாலைந்து பேராகச் சேர்ந்து போனால் பயமும் குறையும்.

மூன்றாவது, பரிசோதனைக்குச் செல்பவரின் பேரை வெட்டாதிருக்கும்படி தோட்ட நிர்வாகத்திடமும், நடமாடும் பற்சிகிச்சைக்காகச் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் சங்கங்கள் ஒன்றாகக் கோரிக்கை வைக்கலாம்.

நான்காவது, தோட்டத்துப் பிள்ளைகள் பல் வைத்தியராக வேண்டும். அதற்கான பாதை உயர்தர உயிரியல் வகுப்பின் வழியே செல்கிறது. எமது பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத வகுப்பறை ஒவ்வொன்றும், நாளை வரவேண்டிய ஒரு பல் வைத்தியரை இன்றே தடுத்துவிடுகிறது.

அந்தப் பிள்ளை படித்து வர ஆண்டுகள் பல ஆகும். வாயில் உள்ள புண் அதுவரை காத்திருக்காது. ஆகவே இரண்டு வேலைகளையும் ஒன்றாகவே தொடங்குவோம். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திற்கு ஒரு டோர்ச் லைற்றை எடுத்துச் செல்வது நல்ல ஆரம்பமாக இருக்கும்.