எக்செல்லில் ஒரு கடன் கணக்கு: அடுத்த எண் எங்கிருந்து வருகிறது?

ஒரு லட்ச ரூபாய் கடன். மாதத்துக்கு 1 சதவீத வட்டி. மாதம் 1,000 ரூபாய் தவணை கட்டினால் கடன் எப்போது அடையும்? அடையவே அடையாது. முதல் மாத வட்டியே 1,000 ரூபாய்; கட்டும் பணம் முழுவதும் அதற்கே போய்விடும்.

இதை வாயால் விளக்குவதைவிட எக்செல்லில் போட்டுக் காட்டுவது மேல். முதல் செல்லில் 1,00,000 என்று இடுங்கள். கீழ்ச் செல்லில் சமக்குறி போட்டு, மேல் செல்லை 1.01ஆல் பெருக்கி 1,000ஐக் கழிக்கும்படி எழுதுங்கள். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால், ஒவ்வொரு வரியும் தனக்கு மேலே உள்ள வரியைப் பார்த்துத் தன் கணக்கைப் போட்டுக்கொள்ளும். எத்தனை வரி இழுத்தாலும் 1,00,000தான் வரும்.

இப்போது தவணையை ஒரே ஒரு ரூபாய் கூட்டுங்கள். முதல் மாதம் கடன் 1 ரூபாய் குறையும், அடுத்த மாதம் 1 ரூபாய் 1 பைசா குறையும். அந்த ஒரு பைசாவிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. கடன் முடிய 695 மாதம், அதாவது கிட்டத்தட்ட 58 ஆண்டு. 1,100 ரூபாய் கட்டினால் 241 மாதம், 2,000 கட்டினால் 70 மாதம். 999 மட்டும் கட்டினாலோ கடன் ஏறிக்கொண்டே போய், அதே 58 ஆண்டில் இரண்டு லட்சத்தைத் தொடும். தவணையைத் தனிச் செல்லில் வைத்து, இழுக்கும்போது நகராதபடி சூத்திரத்தில் அதற்கு டாலர் குறி போட்டுவிட்டால், அந்த ஓர் எண்ணை மாற்றியதும் மொத்தப் பத்தியும் மாறிவிடும். வகுப்பில் இதைச் செய்யும்போது, மாற்றுவது மாணவராக இருக்க வேண்டும். ஆசிரியரே பட்டியலிட்டுக் கொடுத்தால் பயன் பாதியாகிவிடும்.

ஓர் எண்ணை அதற்கு முந்தைய எண்ணிலிருந்து பெறும் விதிக்குக் கணிதத்தில் மீள்வரு தொடர்பு என்று பெயர். கூட்டுத் தொடர்வரிசையும் பெருக்குத் தொடர்வரிசையும் அதன் எளிய வடிவங்களே. ஒன்றில் முந்தையதோடு ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறோம். மற்றதில் ஒரே எண்ணால் பெருக்குகிறோம். ஆனால் பள்ளியில் இந்த விதியோடு நாம் அதிகம் நிற்பதில்லை. பொது உறுப்புக்கான சூத்திரத்தை எழுதிப்போட்டு, நூறாவது உறுப்பைக் கேட்டு மதிப்பெண் கொடுத்துவிடுகிறோம். வழியில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகள் பார்ப்பதே இல்லை.

விதி முதலில், சூத்திரம் பிறகு என்பது புது யோசனை அல்ல. 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த சமண அறிஞர் ஹேமச்சந்திரர் யாப்புக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒரு மாத்திரை அளவுள்ள லகு என்ற அசையையும் இரு மாத்திரை அளவுள்ள குரு என்ற அசையையும் வைத்து, குறித்த மாத்திரை அளவுள்ள ஓர் அடியை எத்தனை விதமாக அமைக்கலாம்? அடி லகுவில் முடிந்தால் எஞ்சியது ஒரு மாத்திரை குறைவு. குருவில் முடிந்தால் இரண்டு குறைவு. ஆகவே முந்தைய இரண்டு விடைகளைக் கூட்டினால் அடுத்த விடை கிடைக்கும்: 1, 2, 3, 5, 8, 13. இத்தாலியின் பிபனாச்சி 1202இல் முயல் கணக்காக எழுதியதும் இதே விதியைத்தான். இதை எக்செல்லில் இழுத்துவிட்டு, பக்கத்துப் பத்தியில் ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தையதால் வகுத்துப் பாருங்கள். 2, 1.5, 1.667, 1.6, 1.625 என்று மேலும் கீழுமாக ஆடி 1.618இல் அடங்கும். தொடக்க எண்களை 7, 100 என்று மாற்றினாலும் அதே 1.618தான். ஏன் என்ற கேள்வி வகுப்பில் தானாக எழும் இடம் இது.

எக்செல் போன்ற விரிதாள் என்ற கருவியே ஒரு வகுப்பறையில் உதித்ததுதான். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த டான் பிரிக்லின், பேராசிரியர் கரும்பலகையில் நிதிக் கணக்கு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எண் மாறினால் தொடர்ந்து வரும் கட்டங்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருந்தது. அந்த வேலையைத் தானே செய்யும் கருவியாக, பாப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979இல் வெளிவந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1976இல், ராபர்ட் மே என்ற சூழலியலாளர் இதே வகை விதி ஒன்றைப் பற்றி 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஓரிடத்தின் பூச்சித் தொகையை, அந்த இடம் தாங்கும் அளவில் ஒரு பங்காக, 0க்கும் 1க்கும் இடையில் எழுதுகிறோம். அடுத்த ஆண்டுத் தொகை என்பது இந்த ஆண்டுத் தொகை, 1இலிருந்து அதைக் கழித்த மிச்சம், ஒரு வளர்ச்சி எண் ஆகிய மூன்றின் பெருக்கல். 0.2இல் தொடங்கி, வளர்ச்சி எண்ணை 2.8 என்று வைத்தால் தொகை 0.643இல் நிலைத்துவிடும். 3.2 என்றால் 0.513, 0.799 என இரண்டுக்கும் இடையே மாறி மாறித் தாவும். 3.5இல் நான்கு எண்கள். 4இல் எந்த ஒழுங்கும் இல்லை. பக்கத்துப் பத்தியில் தொடக்கத்தை 0.2000001 என்று மாற்றினால், சுமார் 25 வரிகளில் இரு பத்திகளுக்கும் சம்பந்தமே இல்லாமல் போகும். இத்தனைக்கும் உள்ளே இருப்பது இரண்டு பெருக்கலும் ஒரு கழித்தலும்தான். இந்தச் சமன்பாட்டை மாணவர்களுக்குச் சீக்கிரமே அறிமுகப்படுத்த வேண்டும் என்று அந்தக் கட்டுரையிலேயே மே வேண்டிக்கொண்டார்.

கடனையும் பூச்சியையும் ஒரே கேள்வி இணைக்கிறது: அடுத்த எண் இந்த எண்ணாகவே இருந்தால்? சமன்பாடு எழுதித் தீர்த்தால், தவணை 1,000 எனில் கடனுக்கு ஒரு லட்சமும், வளர்ச்சி எண் 2.8 எனில் பூச்சிக்குச் சுழியம் தவிர 0.643உம் கிடைக்கும். கடனில் அந்த இடத்தைவிட்டு ஒரு ரூபாய் விலகினால் விலகல் பெருகிக்கொண்டே போகிறது. பூச்சித் தொகையோ கொஞ்சம் விலகினாலும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. நிலையான சமநிலை, நிலையற்ற சமநிலை என்று கல்லூரியில் படிப்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

எக்செல் காட்டுவதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1, 1, 2, 3 என்று தொடங்கும் பிபனாச்சி வரிசையை 74ஆம் வரி வரை இழுத்து, செல்லை அகலமாக்கி, எண் வடிவில் பாருங்கள்: 1304969544928660. இது தவறு. இந்த வரிசை ஒற்றை, ஒற்றை, இரட்டை என்ற முறையில் மாறாமல் வரும். ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை, ஒற்றையும் இரட்டையும் சேர்ந்தால் ஒற்றை என்பதே காரணம். 74 மூன்றின் மடங்கு அல்ல, ஆகவே அங்கே ஒற்றை எண்தான் வரவேண்டும். சரியான விடை 657இல் முடிகிறது. எக்செல் எண்ணை 15 இலக்கங்களுக்கு முழுமையாக்கிக் காட்டிவிட்டு மிச்சத்துக்குச் சுழியம் போட்டுவிடும். இரண்டு வரித் தர்க்கம் இயந்திரத்தின் பிழையைப் பிடித்துவிட்டது. நிரூபணம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஓபன் ஆபிஸ் கால்க் இருக்கிறது. தொடர்வரிசை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கப் புதுப் பாடத்திட்டம் தேவையில்லை. மென்பொருளும் இலவசமே. கணக்கு ஆசிரியரும் கணினி ஆசிரியரும் பேசி ஒரே ஒரு பாடவேளையைப் பகிர்ந்துகொள்ளுங்கள்; இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.