கென்னர் ஸ்டார் வார்ஸ் உருவப்பொம்மைகள்

கென்னர் ஸ்டார் வார்ஸ் உருவப்பொம்மைகள் என்பன, ஸ்டார் வார்ஸ் அறிபுனைத் திரைப்படங்களின் கதைமாந்தரை மாதிரியாகக் கொண்டு கென்னர் நிறுவனம் 1978 முதல் 1985 வரை வெளியிட்ட சிறு நெகிழிப் பொம்மைகள் ஆகும். இந்நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள சின்சினாட்டி நகரில் இயங்கி வந்தது. தலை, கை, கால் ஆகியவற்றை அசைக்கக்கூடிய இத்தகைய பொம்மைகள் ஆங்கிலத்தில் 'ஆக்சன் ஃபிகர்' என அழைக்கப்படுகின்றன. சிறுவர் விளையாடுவதற்கென மலிவு விலையில் செய்யப்பட்ட இவற்றை இன்று பல நாடுகளில் பெரியவர்கள் சேகரிக்கின்றனர். ஒரு பொம்மையின் மதிப்பு அதன் அழகை மட்டும் பொறுத்ததன்று. பொம்மையும் துணைப்பொருட்களும் உறையும் மூலமானவைதாமா என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது. எனவே இத்துறையில் மதிப்பாய்வு என்பது பெரும்பாலும் சான்றுகளைச் சோதிக்கும் பணியாகும்.

வரலாறு

'ஆக்சன் ஃபிகர்' என்னும் பெயர் 1964 ஆம் ஆண்டில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரன் பொம்மையை வெளியிட்டபோது வழக்கிற்கு வந்தது. பொம்மை என்றால் சிறுமியருக்குரியது என்ற எண்ணம் அன்று நிலவியதால், சிறுவருக்கு விற்பதற்குப் புதிய பெயர் தேவைப்பட்டது. அப்பொம்மையின் உயரம் ஏறத்தாழ 30 செ.மீ. ஆகும்.

முதலாவது ஸ்டார் வார்ஸ் திரைப்படம் 1977 மே 25 அன்று வெளியானது. அதன் பொம்மை உரிமம் கென்னரிடம் இருந்தது. ஆயினும் சிற்பம், வார்ப்பச்சு, உற்பத்தி ஆகிய படிகளை முடித்து அவ்வாண்டின் கிறித்துமசுக்குள் உருவப்பொம்மைகளைக் கடைகளுக்கு அனுப்ப இயலவில்லை. ஆகவே கென்னர் பொம்மை இல்லாத ஓர் அட்டை உறையை விற்றது. அதனுள் ஒரு சான்றிதழும் பொம்மைகளை நிறுத்தி வைப்பதற்கான அட்டைப் பின்னணியும் இருந்தன. சான்றிதழை நிரப்பி அனுப்பியோருக்கு லூக் ஸ்கைவாக்கர், இளவரசி லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய நான்கு பொம்மைகள் 1978 ஆம் ஆண்டில் அஞ்சலில் வந்து சேர்ந்தன. அவ்வாண்டில் முதல் தொகுதியின் 12 பொம்மைகளும் கடைகளுக்கு வந்தன.

இப்பொம்மைகளுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 9.5 செ.மீ. உயரம் கொண்டவை. இந்த அளவைத் தெரிவு செய்ததற்கு விண்கலங்களே முக்கிய காரணம் ஆகும். 30 செ.மீ. பொம்மைகள் அமரத்தக்க கலங்களைச் செய்தால், அவை வீட்டில் வைக்க இயலாத அளவிற்குப் பெரியனவாகவும் விலை மிகுந்தனவாகவும் இருந்திருக்கும். கென்னரின் வெற்றிக்குப் பின் வேறு பல நிறுவனங்களும் இந்தச் சிறிய அளவைப் பின்பற்றின.

1985 இல் உற்பத்தி நின்றபோது 90 க்கும் மேற்பட்ட கதைமாந்தர் பொம்மைகள் வெளிவந்திருந்தன. கென்னரை 1987 இல் டோங்கா நிறுவனமும், டோங்காவை 1991 இல் ஹாஸ்ப்ரோ நிறுவனமும் வாங்கின. 1995 ஆம் ஆண்டு முதல் ஸ்டார் வார்ஸ் உருவப்பொம்மைகள் மீண்டும் வெளிவரலாயின.

அரிய வகைகள்

உற்பத்தியின் இடையில் செய்யப்பட்ட மாற்றங்களே அரிய வகைகள் பலவற்றிற்குக் காரணம் ஆகும்.

ஜாவா: இக்கதைமாந்தரின் தொடக்ககாலப் பொம்மைக்கு வினைல் மேலாடை அணிவிக்கப்பட்டது. விரைவில் அது துணி ஆடையாக மாற்றப்பட்டதால் வினைல் ஆடையுள்ளவை அரிதாயின. பென் கெனோபி பொம்மையின் வினைல் ஆடையை வெட்டி ஜாவாவின் ஆடை எனக் காட்டும் போலிகளும் உள்ளன.

நீளும் ஒளிவாள்: லூக், பென் கெனோபி, டார்த் வேடர் ஆகியோரின் மிகத் தொடக்ககாலப் பொம்மைகள் சிலவற்றில், வாளின் உள்ளிருந்து மெல்லிய இரண்டாம் பகுதி ஒன்று வெளியே நீளும். பின்னர் இவ்வமைப்பு எளிமையாக்கப்பட்டது.

போபா ஃபெட்: பொம்மை வாங்கியதற்கான அச்சிட்ட சான்றுகள் நான்கை அட்டைகளிலிருந்து வெட்டி அனுப்புவோருக்கு, முதுகிலிருந்து ஏவுகணை பாயும் போபா ஃபெட் பொம்மை தரப்படும் எனக் கென்னர் அறிவித்தது. அக்காலத்தில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்னும் தொலைக்காட்சித் தொடரைச் சார்ந்த விண்கலப் பொம்மையொன்றின் ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்தான். இதனால் ஏவும் அமைப்பு கைவிடப்பட்டு, ஏவுகணை அசையாதவாறு பொருத்தப்பட்ட பொம்மையே 1979 இல் அனுப்பப்பட்டது. ஏவும் அமைப்புள்ள முன்மாதிரிகள் மட்டும் சில எஞ்சின. அவற்றுள் ஒன்று 2024 ஆம் ஆண்டில் ஓர் ஏலத்தில் 5,25,000 அமெரிக்க டாலருக்கு விற்பனையானது.

மதிப்பாய்வு முறை

கென்னர் பொம்மைகள் பெரும்பாலும் கழுத்து, இரு தோள்கள், இரு இடுப்பு மூட்டுகள் என ஐந்து இடங்களில் மட்டுமே அசைவன. புதிய பொம்மை ஒன்றை மதிப்பிடுவோர் முகச்சாயல், வண்ணப்பூச்சு, மூட்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை முதன்மையாகக் கருதுவர். பழைய பொம்மையை மதிப்பிடும்போது பின்வருவன சோதிக்கப்படுகின்றன.

முத்திரை: ஆண்டும், பெரும்பாலும் உற்பத்தி நாடும் காலின் பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வாண்டு காப்புரிமை ஆண்டேயன்றி உற்பத்தி ஆண்டன்று. முதல் 12 பொம்மைகளில் 1977 என்று காணப்பட்டாலும் அவை 1978 இலும் அதற்குப் பின்னரும் செய்யப்பட்டவை ஆகும்.

துணைப்பொருட்கள்: விரல் நுனியளவேயான துப்பாக்கிகளும் வாள்களும் எளிதில் தொலைந்துவிடுவன. ஆகவே அவற்றின் போலிகள் ஏராளம். மூல ஆயுதங்களுள் பல நீரைவிட அடர்த்தி குறைந்த நெகிழியால் ஆனவை. எனவே அவை நீரில் மிதக்கும். பழைய போலிகள் பெரும்பாலும் மூழ்கும். ஆயினும் மிதக்கும் போலிகளும் மூழ்கும் மூலங்களும் உள்ளமையால் இச்சோதனையை மட்டும் நம்புதல் கூடாது. அச்சின் விளிம்புகளையும் நுண்ணிய கோடுகளையும் ஐயமற்ற மூலப்பொருளுடன் ஒப்பிடுவதே பொருத்தமான வழியாகும்.

அட்டை: பொம்மை ஒட்டப்பட்ட அட்டையின் பின்புறத்தில் அப்போது கிடைத்த பொம்மைகளின் படங்கள் அச்சிடப்பட்டன. தொடக்கத்தில் 12 ஆக இருந்த இவ்வெண்ணிக்கை இறுதியில் 92 ஐ எட்டியது. இதனைக் கொண்டு அட்டையின் காலத்தை அறியலாம். குமிழ் உறை மீண்டும் ஒட்டப்பட்டதற்கான தடயம் உள்ளதா என்பதும் கவனிக்கப்படுகிறது.

சில தனியார் நிறுவனங்கள் கட்டணம் பெற்றுப் பொம்மைகளைச் சோதித்து, மதிப்பெண் இட்டு, கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. இம்மதிப்பெண் சோதித்த நாளில் இருந்த நிலை குறித்த கருத்தே ஆகும். பெட்டிக்குள்ளும் நெகிழி முதுமையடைகிறது.

பாதுகாப்பு

புறஊதாக் கதிர்களும் வெப்பமும் வெண்ணிற நெகிழியை மஞ்சளாக்குகின்றன. ஸ்டார்ம்ட்ரூப்பர் பொம்மைகளில் இது தெளிவாகத் தெரியும். மென்மையான வினைலில் நெகிழ்வுக்காகச் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள் காலப்போக்கில் வெளியே கசிவதால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகலாம். நேரடி வெயில் படாத, உலர்ந்த, குளிர்ந்த இடமே ஏற்றது. ஐதரசன் பெராக்சைடு கொண்டு மஞ்சள் நிறத்தை நீக்கலாம். ஆனால் அந்நிறம் மீண்டும் தோன்றக்கூடும். மேலும், அவ்வாறு வெளுத்ததை மறைத்து விற்பதைச் சேகரிப்பாளர்கள் ஏமாற்றாகவே கருதுகின்றனர்.

சேகரிப்பும் நம்பகமும்

2012 ஆம் ஆண்டில் ஸ்டார் வார்ஸ் உருவப்பொம்மைகள் ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பொம்மைப் புகழரங்கில் சேர்க்கப்பட்டன. கலிபோர்னியாவில் ஸ்டீவ் சான்சுவீட் நிறுவிய ராஞ்சோ ஒபி-வான் அருங்காட்சியகம், உலகின் மிகப்பெரிய ஸ்டார் வார்ஸ் சேகரிப்பாகக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. 2013 ஆம் ஆண்டுப் பதிவின்படி அங்கு 92,240 பொருட்கள் கணக்கிடப்பட்டிருந்தன. அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் திருடப்பட்டிருந்தமை 2017 இல் வெளியாயிற்று. திருடப்பட்டவற்றுள் பல, அவை திருட்டுப் பொருட்கள் என அறியாத சேகரிப்பாளர்களுக்கு விற்கப்பட்டிருந்தன. இந்நிகழ்வுக்குப் பின், ஒரு பொருள் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்னும் உரிமை வரலாற்றை வினவும் வழக்கம் மேலும் வலியுறுத்தப்பட்டது.

மறுவார்ப்புத் துணைப்பொருட்கள் அனைத்தும் தீயவை அல்ல. வெறுங்கையுடன் நிற்கும் பொம்மைக்கு ஒரு துப்பாக்கி கொடுத்து அலமாரியில் வைக்க விரும்புவோருக்கு அவை பயன்படுகின்றன. மறுவார்ப்பு எனக் குறிக்கப்படாத பொருள் கைமாறும்போதுதான் சிக்கல் எழுகிறது. முதலில் வாங்கியவருக்கு உண்மை தெரியும், மூன்றாமவருக்குத் தெரியாது. எனவே மறுவார்ப்பில் அழியாத குறி இடுவதும், விற்கும்போது அதனை வெளிப்படையாகக் கூறுவதும், மூலப்பொருட்களின் ஒப்பீட்டுப் படங்களை எல்லோரும் காணுமாறு வைப்பதும் நற்பழக்கங்களாகக் கருதப்படுகின்றன. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர், விலை மிகுந்த அரிய வகைகளை விடுத்து, எளிதில் கிடைக்கும் பொதுவான பொம்மைகளைக் கையிலெடுத்துப் பழகுவது நன்று. மூலப்பொருளின் எடையையும் தொடுவுணர்வையும் அறிந்த கைக்குப் போலியை இனங்காண்பது எளிதாகும்.