தொடங்க மறுக்கும் மடிக்கணினி: மலையக மாணவர் நோக்கில் ஒரு விளக்கம்

மலையக மாணவரின் கல்விக்குத் தடையாக நிற்பனவற்றை எண்ணும்போது வறுமை, பாடசாலைத் தூரம், ஆசிரியர் பற்றாக்குறை என்பனவே வழமையாகச் சுட்டப்படுகின்றன. தொடங்க மறுத்த மடிக்கணினி ஒன்றினால் ஓராண்டு உழைப்பு அழிந்துபோவதை எவரும் இவற்றுடன் சேர்ப்பதில்லை. மஸ்கெலியாப் பகுதியைச் சேர்ந்த எமது நண்பர் ஒருவர், தோட்டத்து மூதாட்டியரிடம் ஒலிப்பதிவு செய்த தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் அவ்வாறே இழந்தார். நகரத்துக் கடையொன்றில் "போர்மட்" செய்யப்பட்ட இயந்திரம் புதிது போலத் திரும்பி வந்தது. பாடிய மூதாட்டியருள் இருவர் அதற்குள் இறந்துவிட்டனர். இயந்திரம் நின்றபோது திரையிலே தோன்றியவற்றை நண்பர் விவரிக்கக் கேட்ட வேளை, அப்பதிவுகளை மீட்டிருக்கலாம் என்றே எமக்குத் தோன்றிற்று.

கணினியின் உறுப்புகளையும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இணைத்து இயக்குவது பணிசெயல் முறைமை. விண்டோஸ், லினக்ஸ் என்பன அத்தகையன. ஆளியை அழுத்தியதும் அது ஒரேயடியாக எழுந்துவிடுவதில்லை. தாய்ப்பலகையில் உறையும் சிறு நிரல் முதலில் உறுப்புகளைச் சோதிக்கும். பின்னர் வன்தட்டைத் தேடி, அங்குள்ள தொடக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். அது முறைமையின் கருவை நினைவகத்தில் ஏற்றும். கரு சாதன இயக்கிகளை எழுப்பும். இறுதியிலேயே கடவுச்சொல் கேட்கப்படும். வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல் எனக் கொழுந்து படிப்படியாகத் தேயிலையாவதைத் தொழிற்சாலையிற் கண்டோர்க்கு இது புதிதன்று. தேயிலை கெட்டால் எந்தப் படியிற் கெட்டது என்றே அங்கு முதலிற் கேட்பர். இங்கும் அதுவே கேள்வி.

விளக்கே எரியாவிடின் பிழை முறைமையினதன்று. மின்னேற்றி, மின்கலம், நினைவகம் ஆகியவற்றையே ஐயுறவேண்டும். மின்னேற்றியையும் செருகியுள்ள பிற கருவிகளையும் அகற்றி, ஆளியை முப்பது செக்கன் வரை அழுத்திப் பிடித்துவிட்டு மீண்டும் முயல்வது பல வேளைகளிற் போதுமானது. தயாரிப்பாளரின் சின்னம் தோன்றி, தொடங்குதற்குரிய தட்டு இல்லையென அறிவித்தால், வன்தட்டோ அதன் இணைப்போ பழுதுற்றிருக்கலாம். வட்டமாகச் சுழலும் புள்ளிகள் தோன்றிய பின் நீலத்திரை வந்து (விண்டோஸ் 11இல் 2025 முதல் அது கருந்திரையாகியுள்ளது) இயந்திரம் மீளமீளத் தொடங்குமாயின், முறைமையின் கோப்புகளோ இயக்கியொன்றோ சிதைந்துள்ளமை பெரும்பாலும் காரணமாகும். எமது நண்பரின் இயந்திரம் இவ்வகையினதே.

இச்சிதைவு தோட்டப்புறத்தில் நேர்தற்குச் சிறப்பான காரணமொன்றுண்டு. பழைய மடிக்கணினிகளின் மின்கலம் செயலிழந்துவிட, அவை சுவர் மின்சாரத்திலேயே இயங்குகின்றன. முறைமை தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கையில் மின் நின்றால் கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் நிற்கும். 2022 மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதுமே இருண்டது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும், 2012இல் தொடங்கிய 150 மெகாவாற்று மேல் கொத்மலை நிலையமும் தோட்டங்களின் நடுவேதான் உள்ளன. ஆயினும் அந்நீர் தரும் மின்சாரம் லயன் காம்பராவை எத்தனை தலைமுறை கழித்து வந்தடைந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

பரிகாரம் அரிதன்று. விண்டோஸ் தொடங்கும்போது ஆளியை அழுத்திப் பிடித்து அணைத்தல் வேண்டும். இவ்வாறு இரு முறையோ மும்முறையோ செய்தால் மீட்புத்திரை தானே தோன்றும். அதன்வழி "சேப் மோட்" எனும் பாதுகாப்பு நிலையிற் புகுந்தால், இன்றியமையாத இயக்கிகள் மட்டுமே எழும். அங்கு நின்று, இறுதியாகச் சேர்த்த இயக்கியையோ மென்பொருளையோ நீக்கலாம். 2024 யூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பொன்று உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகளை முடக்கியதாக மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் பொறியியலாளர் செய்ததும் பெரிதும் இதுவே: இயந்திரம் இயந்திரமாகச் சென்று, பாதுகாப்பு நிலையிற் புகுந்து, ஒரு கோப்பை அழித்தனர். பெரும்பாலும் தட்டை வெறுமையாக்க வேண்டியிருக்கவில்லை.

எனினும் திருத்தத்திற்கு முன் மீட்பு என்பதை நாம் வற்புறுத்துவோம். வன்தட்டு "டிக் டிக்" என ஒலித்தால் எந்தச் சோதனை நிரலையும் ஓட்டலாகாது; தட்டு மேலும் சிதையும். உடனே அணைத்து, தரவு மீட்பதில் தேர்ந்தவரிடம் கொடுப்பதே தகும். தட்டு ஒலியின்றி இயங்குமாயின், வேறொரு கணினியில் லினக்ஸை "பென் டிரைவ்" ஒன்றிற் பதிந்து, அதிலிருந்து இயந்திரத்தைத் தொடங்கலாம். வன்தட்டிலுள்ள விண்டோஸ் எழாமலே கோப்புகள் கண்முன் விரியும். அவற்றை வேறிடத்திற் படியெடுத்த பின்னர் கடைக்காரர் எதையும் செய்யட்டும். லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021இற்றான் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால் இது சிறிய செய்தியன்று.

ஒரு தடையுண்டு. புதிய விண்டோஸ் 11 இயந்திரங்கள் பலவற்றில், உரியவர் அறியாமலே, "பிட்லொக்கர்" தட்டினைப் பூட்டிவைத்துள்ளது. 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியின்றி அதனைத் திறத்தல் இயலாது. மைக்ரோசொப்ட் கணக்கினுட் புகுந்தால் அச்சாவியைப் பெரும்பாலும் காணலாம். இயந்திரம் நலமாயிருக்கும்போதே அதனைப் பார்த்து, கொப்பியொன்றில் எழுதி, கணினிப் பைக்கு வெளியே வைத்தல் வேண்டும்.