பழம்பாடலும் வானொலியும்

பழைய பாடல்களை மட்டுமே ஒலிபரப்பும் வானொலி எதனால் வாழ்கிறது? நேயர்களின் அன்பினால் என்பீர்கள். அமெரிக்காவில் அது மட்டும் போதவில்லை. நியூயார்க் நகரின் டபிள்யூ.சி.பி.எஸ். பண்பலை நிலையம் 1972 முதல் பழம்பாடல்களை ஒலிபரப்பி வந்தது. அத்தகைய தனியார் நிலையத்திற்கு விளம்பரமே வருவாய். விளம்பரதாரரோ 25 முதல் 54 வயது வரை உள்ளோரையே பெரிதும் நாடுவர். நேயர்கள் மூப்படைய, சந்தையில் அவர்தம் மதிப்புக் குறைந்தது. 2005 ஜூன் 3ஆம் நாள் அந்நிலையம் பழம்பாடல்களைக் கைவிட்டது. நேயர்கள் சினந்தனர்; கேட்போர் தொகையும் சரிந்தது. 2007 ஜூலையில் பழம்பாடல்கள் மீண்டன. ஆயினும் 1950களின் பாடல்கள் அருகி, 1970, 1980களின் பாடல்களே மிகுந்தன. மூத்த நேயர்களின் பற்று நிலையத்தை மீட்டது; அவர்தம் இளமைக்காலப் பாடல்களை மீட்கவில்லை. பழம்பாடல் எது என்பதைக் காலத்தோடு வணிகமும் சேர்ந்தே வரையறுக்கிறது.