மிக்ஸியைப் பிரித்த கை

என் நாத்தனார் மகன் எட்டாவது படிக்கிறான். ஒரு பாராவை வாசித்து முடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிடும்; எழுத்துகள் இடம் மாறும். "மக்குப் பையன்" என்று அவன் காதுபட நானே சொல்லியிருக்கிறேன்.

போன ஆடியில், விருந்தாளிகள் வந்த நேரம் பார்த்து மிக்ஸி நின்றுவிட்டது. "முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க அத்தை" என்றான். அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, மோட்டாரின் இருபுறமும் உள்ள கார்பன் பிரஷ்ஷைக் காட்டினான். "இது தேய்ஞ்சு போச்சு, அவ்வளவுதான். மோட்டார் எரியலே, தீஞ்ச வாசனையே இல்லை பாருங்க." புது ஜோடி வாங்கிவந்து மாட்டினான். சட்னி தயார்! தெருமுனை ரிப்பேர் கடையில் நின்று பார்த்தே கற்றானாம். அங்கே நின்றதற்காக அடி வாங்கிய பிள்ளை.

பிறகுதான் நாத்தனாரும் நானும் விசாரித்தோம். டிஸ்லெக்சியா என்னும் இந்த வாசிப்புத் தடுமாற்றம் புத்திக் குறைவு அல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். ஐ.டி.ஐ.யில் எட்டாவது தேறியவர்களுக்கே வயர்மேன், வெல்டர் பயிற்சி உண்டு.

இப்போது அவன் அம்மா பாடத்தை வாசிக்க, அவன் கேட்டுத் திருப்பிச் சொல்கிறான். மக்கு என்றதற்கு நான் வருத்தம் தெரிவித்தேன். "அது கிடக்கட்டும் அத்தை, உங்க கிரைண்டர் பெல்ட் தளர்ந்திருக்கு" என்றான்.