நிர்வாகப் படிப்பு யாருக்காக?

வருஷந்தோறும் கலாசாலைகள் திறக்கும் பருவத்தில், பன்னிரண்டாவது வகுப்பில் தேறிய பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் விண்ணப்பத் தாள்களுடன் அலைவது நாம் எல்லோரும் அறிந்த காட்சி. எந்தப் பாடத்தை எடுப்பது என்ற கேள்விக்கு வைத்தியம், என்ஜினீயரிங், வர்த்தகம் என்று ஒரு காலத்தில் நாலைந்து பதில்களே உண்டு. இப்பொழுது அந்த ஜாபிதாவில் 'பொது நிர்வாகம்' என்ற பெயரும் ஏறியிருக்கிறது. அந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று ஒரு வாலிபனைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கலெக்டராவதற்கு."

இந்த ஆசையை நாம் பரிகசிக்கவில்லை. குடியானவன் வீட்டுப் பிள்ளை ஜில்லாவை நிர்வகிக்க விரும்புவது சுயராஜ்யத்தின் லட்சணமே அன்றி வேறல்ல. ஆனால் அந்த ஆசைக்கும் இந்தப் படிப்புக்கும் உள்ள சம்பந்தம் வாலிபர்கள் எண்ணுகிற அளவு நெருக்கமானதல்ல என்பதை எடுத்துச் சொல்லுவது நமது கடமை. அங்கீகாரம் பெற்ற சர்வகலாசாலையின் எந்தப் பட்டம் பெற்றவரும் சிவில் சர்வீஸ் பரீட்சைக்கு உட்காரலாம். அதற்குப் பொது நிர்வாகப் பட்டந்தான் வேண்டும் என்ற நிபந்தனை எக்காலத்திலும் இருந்ததில்லை. 2013 முதல் அப்பரீட்சையில் விருப்பப் பாடம் ஒன்றுதான். மொத்தம் 2025 மார்க்குகளில் அதற்குரியவை 500. பரீட்சைக்கு விண்ணப்பிக்கிறவர்களோ லட்சக்கணக்கானவர்கள், ஐ.ஏ.எஸ். பதவிக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறவர்கள் சமீப வருஷங்களில் சுமார் 180 பேர். ஆகவே இந்தப் பட்டத்தைக் கலெக்டர் உத்தியோகத்திற்கு ஏணி என்று மட்டும் கருதினால், ஏறியவர்களைவிட ஏமாந்தவர்களே அதிகமாக இருப்பார்கள். அப்படியானால் இந்தப் படிப்பு வீண்தானா? வீணல்ல, மிக மிக அவசியமானது. எதற்காக அவசியம் என்பதைத்தான் நாம் ஆலோசிக்க வேண்டும்.

எஜமானர்களின் கல்வி

நம் தேசத்தில் நிர்வாகக் கல்வி, ஆளவந்தவர்களுக்காக ஆளவந்தவர்களாலேயே ஆரம்பிக்கப்பட்டது. கம்பெனியின் சிவில் உத்தியோகஸ்தர்களைப் பழக்குவதற்கு 1800இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கலாசாலையும், 1806இல் இங்கிலாந்தில் பின்னர் ஹெயிலிபரியில் நிலைபெற்ற கலாசாலையும், 1812இல் சென்னையில் ஜார்ஜ் கோட்டைக் கலாசாலையும் தோன்றின. ஹெயிலிபரியில் அர்த்த சாஸ்திரம் போதித்தவர், ஜனத்தொகையைப் பற்றி எழுதிப் பெயர்பெற்ற மால்தூஸ் என்பவர். சென்னைக் கலாசாலையில் எல்லிஸ் முதலியவர்களின் முயற்சியால், இளம் வெள்ளைக்காரர்கள் தமிழும் தெலுங்கும் பயின்று தேர்ச்சி காட்ட வேண்டியிருந்தது. ஜனங்களின் பாஷை தெரியாமல் வரி வசூலிக்க முடியாது, வழக்குத் தீர்க்க முடியாது என்பதை அந்த அந்நியர்கள் அறிந்திருந்தார்கள். 'கலெக்டர்' என்ற பதத்தின் பொருளே வசூலிக்கிறவர் என்பதுதான். வசூலுக்காகவும் ஆட்சியின் பந்தோபஸ்துக்காகவும் அமைந்த கல்வி அது.

பிறகு 1855இல் போட்டிப் பரீட்சை வந்தது. பரீட்சையில் ஜாதி, நிறம் பேதமில்லை என்றார்கள். ஆனால் பரீட்சை மண்டபம் லண்டனில் இருந்தது! கடல் கடந்து சென்று 1863இல் முதன்முதல் தேறிய இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர். அடுத்துச் சென்று தேறிய ஸுரேந்திரநாத் பானர்ஜி, வேலையில் அமர்ந்த சில வருஷங்களுக்குள் 1874இல் நீக்கப்பட்டார். 1876இல் பரீட்சைக்குரிய உச்ச வயதை 21இலிருந்து 19ஆகக் குறைத்தார்கள். பத்தொன்பது வயதுக்குள் ஓர் இந்தியப் பிள்ளை சீமைக்குப் போய், அந்நிய பாஷையில் அந்நியர்களுடன் போட்டியிட்டுத் தேறுவதென்றால் எத்தனை பேருக்குச் சாத்தியம்? நீக்கப்பட்ட அதே ஸுரேந்திரநாத், 1877இல் இந்த அநீதியை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று பிரசாரம் செய்தார். 1885இல் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபையே, இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஒரே காலத்தில் பரீட்சை நடத்த வேண்டுமென்று தீர்மானம் செய்தது. 1893இல் பார்லிமெண்டின் காமன்ஸ் சபையும் அதை ஆதரித்துத் தீர்மானித்தது. இருந்தும் 1922இல்தான் இந்திய மண்ணில் அந்தப் பரீட்சை நடந்தது. ஒரு மண்டபத்தின் கதவு திறக்க எத்தனை வருஷம் தட்ட வேண்டியிருந்தது பாருங்கள்!

அந்தக் கதவு திறக்கும் தறுவாயில், 1920இல் நான்காவது ஸ்தானத்தில் தேறிய சுபாஷ் சந்திர போஸ் மறுவருஷமே அந்த உத்தியோகம் வேண்டாம் என்று ராஜிநாமாச் செய்தார். முன்னோர் எதற்காகப் போராடினார்களோ அதை இவர் ஏன் உதறினார்? யாருக்கு ஊழியம் செய்வது என்ற கேள்வி, பரீட்சையில் தேறுவது எப்படி என்ற கேள்வியைவிடப் பெரியது என்பதை அவர் உணர்ந்ததால்தான். இன்று பொது நிர்வாகம் படிக்கும் மாணவன் முதல் நாளே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே.

ஒரு கொலையிலிருந்து பிறந்த சீர்திருத்தம்

இந்தச் சாஸ்திரம் நவீன உருவம் பெற்ற வரலாறும் அறியத் தக்கது. அமெரிக்காவில் வெகுகாலம், தேர்தலில் ஜயித்த கட்சி தன் ஆட்களுக்கெல்லாம் சர்க்கார் உத்தியோகங்களைப் பங்கிட்டுக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. வெற்றி பெற்றவனுக்குக் கொள்ளைப் பொருள் சொந்தம் என்ற நியாயம் அது. 1881இல், உத்தியோகம் கேட்டுக் கிடைக்காமல் ஆத்திரமடைந்த ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைத் துப்பாக்கியால் சுட்டான்; அந்தக் காயத்தினால் அவர் மாண்டார். ஜனங்கள் திடுக்கிட்டார்கள். 1883இல் பெண்டில்டன் சட்டம் நிறைவேறி, தகுதி பார்த்து நியமிக்கும் முறைக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. 1887இல், அப்பொழுது கலாசாலை ஆசிரியராக இருந்த உட்ரோ வில்ஸன், நிர்வாகத்தைத் தனிச் சாஸ்திரமாகப் பயில வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அரசியல் சட்டத்தை இயற்றுவதைவிட அதை நடத்துவது கடினமாகி வருகிறது என்பது அவர் வாதம். அவரே 1913இல் அந்நாட்டின் ஜனாதிபதியானார். 1926இல் வொயிட் என்ற ஆசிரியரின் பாடபுத்தகம் வெளிவந்தது. திட்டமிடல், அமைத்தல், ஆள் சேர்த்தல், நடத்துதல், இணைத்தல், அறிக்கை செய்தல், வரவு செலவு வகுத்தல் என்று நிர்வாகியின் வேலையை 1937இல் ஏழாகப் பகுத்துக் காட்டினார் கல்லிக்.

நம்மவர்களும் பின்தங்கிவிடவில்லை. சென்னைச் சர்வகலாசாலை 1937லேயே இத்துறையில் டிப்ளோமா வகுப்பு ஏற்படுத்தியது. நாகபுரிச் சர்வகலாசாலை 1949இல் இதற்கெனத் தனித் துறையே அமைத்தது. சுதந்திர இந்தியாவின் நிர்வாகத்தை ஆராய அழைக்கப்பட்ட ஆப்பிள்பி 1953இல் கொடுத்த அறிக்கையின் பயனாக, மறுவருஷம் டில்லியில் இந்தியப் பொது நிர்வாக ஸ்தாபனம் உருவாயிற்று. இப்பொழுது கலாசாலை வகுப்பில் மட்டுமல்லாமல், தபால் வழியாகவும் பல சர்வகலாசாலைகள் இப்பட்டத்தை அளிக்கின்றன. பகலெல்லாம் காரியாலயத்தில் பைல் கட்டுகளுடன் மல்லாடிவிட்டு, இரவில் விளக்கடியில் இதே பாடத்தைப் படிக்கும் குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர்.

உத்தரமேரூர் கற்பிக்கும் பாடம்

ஆனால் அமெரிக்கர் எழுதியதுதான் நிர்வாக சாஸ்திரம் என்று நம் மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. காஞ்சீபுரம் ஜில்லாவில் உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள் இருக்கின்றன. அவை 919, 921ஆம் வருஷங்களைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, வாரியங்களுக்கு ஆள் எடுத்த விதம் அங்கே விவரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். கடந்த மூன்று வருஷங்களில் வாரியத்தில் இருந்தவராகாமல் இருக்க வேண்டும். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்!

இதை வைத்துக்கொண்டு வீண் பெருமை பேசுவது நமது நோக்கமல்ல. நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்கே அந்தக் குடத்தில் ஓலை விழுந்தது. உழுதவனுக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. கிராம உத்தியோகம் பரம்பரைச் சொத்தாக இருந்த வழக்கம் தமிழ்நாட்டில் 1980இல்தான் ஒழிந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. ஆயினும், பொதுப் பணத்தைத் தொட்டவன் கணக்குக் காட்டாமல் மறுபடியும் பதவிக்கு வரக்கூடாது என்ற விதியைவிட உயர்ந்த நிர்வாகத் தத்துவம் எந்தப் பாடபுத்தகத்திலும் இல்லை.

இந்தத் தத்துவத்தின் இன்றைய உருவம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 1997லேயே தமிழ்நாடு இதற்கு ஒரு சட்டம் செய்தது. 2005இல் தேசம் முழுமைக்கும் சட்டம் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனுக் கொடுத்தால், சாதாரணமாக முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். தம் ஊர் ஏரிக்கரைக்குச் செலவழித்த பணம் எவ்வளவு, வேலை எடுத்தவர் யார், அளந்து பார்த்தவர் யார் என்று எவரும் கேட்கலாம். ஆனால் எதைக் கேட்பது, எந்தக் காரியாலயத்தில் கேட்பது, வந்த பதிலில் எந்த வரி பொய் என்று கண்டுபிடிப்பது எப்படி? இங்கேதான் நிர்வாகப் படிப்பு பயன்படுகிறது. மதிப்பீடு எப்படித் தயாராகிறது, மானியம் எந்தத் தலைப்பில் வருகிறது, தணிக்கை எப்பொழுது நடக்கிறது, ஒரு தாசில்தாரின் அதிகாரம் எங்கே முடிந்து ஆர்.டி.ஓ.வின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பவையெல்லாம் தெரிந்த ஒருவன் ஊரில் இருந்தால், அந்த ஊரை ஏமாற்றுவது எளிதல்ல.

தமிழில் சொல்ல முடியுமா?

இனி, கசப்பான ஒரு விஷயம். 1812இல் வெள்ளைக்காரன் நிர்வாகம் பழகுவதற்குத் தமிழ் படித்தான். இன்று தமிழ்ப் பிள்ளை நிர்வாகம் பழகுவதற்கு இங்கிலீஷ் புத்தகங்களையே பெரும்பாலும் நம்பியிருக்கிறான்! தமிழ்நாட்டின் ஆட்சி மொழி தமிழ் என்று 1956ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. தாலுகாக் காரியாலயத்துக்கு வரும் கிழவி தமிழில்தான் முறையிடுகிறாள். நடுவில் உள்ள படிப்பு மட்டும் வேறு பாஷையில் இருந்தால், படித்தவனுக்கும் கிழவிக்கும் இடையில் துபாஷி அல்லவா வேண்டியிருக்கும்?

சிவில் சர்வீஸ் பிரதானப் பரீட்சையில் தமிழில் விடை எழுதலாம் என்ற அனுமதி 1979 முதல் உண்டு. ஆனால் கேள்வித் தாள்கள், மொழிப் பாடங்கள் நீங்கலாக, ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் மட்டுமே அச்சாகின்றன. ஹிந்திப் பிரதேசத்து வாலிபன் கேள்வியையும் தாய்மொழியில் படிக்கிறான். விடையையும் தாய்மொழியில் எழுதுகிறான். நம் வாலிபனோ கேள்வியை மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு, அதன் பின்னரே எழுதத் தொடங்க வேண்டும். மண்டபத்தை இங்கே கொண்டுவர நம் முன்னோர் 1885 முதல் போராடினார்கள். கேள்வித் தாளையும் இங்கே கொண்டுவருவது மிச்சமிருக்கும் வேலை. அரசியல் ஊழியர்கள் இதில் சிரத்தை காட்ட வேண்டும். அதற்கு முன்பாக, நம் சர்வகலாசாலைகள் இச்சாஸ்திரத்தில் தரமான தமிழ் நூல்களை வெளியிட வேண்டும். தணிக்கை, மானியம், அதிகார ஒப்படைப்பு, மேல்முறையீடு என்று சொற்கள் நம்மிடம் இல்லாமலில்லை. எழுதுவோருக்கு முயற்சியும், எழுதச் செய்வோருக்கு ஊக்கமுமே குறை.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை

பொது நிர்வாகம் படிக்கும் மாணவர்களே! உங்களில் சிலர் கலெக்டராகலாம்; அதில் எங்களுக்கும் சந்தோஷந்தான். ஆகாதவர்கள் தோற்றவர்கள் என்று நினைக்க வேண்டாம். 1993இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தங்கள் பஞ்சாயத்துக்களுக்கும் நகர சபைகளுக்கும் அஸ்திவாரம் போட்டிருக்கின்றன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது. அங்கே போய் உட்காருங்கள். வரவு செலவுக் கணக்கைப் படிக்கும்போது கவனித்துக் கேளுங்கள். சந்தேகம் தோன்றினால் எழுந்து மரியாதையாகக் கேளுங்கள். ஒரு நாள் தாலுகாக் காரியாலயத்தின் தாழ்வாரத்தில் நின்று, ஒரு பட்டா மாறுதல் மனு எந்தெந்த மேஜைக்குப் போகிறது, எங்கே தூங்குகிறது என்று பாருங்கள். கல்லிக் சொன்ன ஏழும் அங்கே கண்ணெதிரே விளங்கும். அவர் சொல்லாததும் சில விளங்கும்.

தேச ஊழியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கூட்டம் கூட்டவும் கோஷம் போடவும் நமக்கு நன்றாகத் தெரியும். பட்ஜெட்டைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்நிய ஆட்சியில் சர்க்கார் காகிதம் நமக்குப் பகையாக இருந்தது. இப்பொழுது அது நம்முடைய காகிதம். அதைப் படிக்கிற கலையை உத்தியோகஸ்தர்களிடம் மாத்திரம் விட்டுவைத்தால், பெற்ற சுயராஜ்யம் அவர்கள் மேஜை டிராயரிலேயே கிடக்கும். அதை எடுத்து ஜனங்கள் கையில் கொடுக்கிறவன் எவனோ, அவனே இந்தப் பட்டத்துக்கு உரியவன். அவன் கலெக்டராக இருந்தாலும் சரி, கடைசி வரையில் ஒரு சாதாரணக் குடிமகனாகவே இருந்தாலும் சரி.